மிகாமல் என்றால் மிகக்கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளைக்குப் போகும் சாலையோரம் உள்ள எடைமேடை ஒன்றில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். தங்கள் நாளிதழ் காலை ஆறு மணிக்கெல்லாம் எங்கள் அறைக்கு வந்துவிடும். முதல் பக்கத்தை ஓட்டுநர்கள் எடுத்துக்கொள்வார்கள். விளையாட்டுப் பக்கம் கிளீனர் பையன்களுக்கு. யாரும் சீண்டாத இரண்டு எனக்கு மிஞ்சும். ஒன்று, அணைகளின் நீர்மட்டம் போடும் சிறிய கட்டம். மற்றது, செவ்வாய்க்கிழமை வரும் மாணவர் பக்கம். இரண்டையும் ஓர் எழுத்து விடாமல் படிக்கிறவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று அசமன்பாட்டுக் கணக்குகள், அதாவது 'இதற்கு மிகாமல்', 'இதற்குக் குறையாமல்' என்று எல்லை வைக்கும் கணக்குகள், வெளியாகியிருந்தன. என் மகனும் ஏழாம் வகுப்பு. அவன் போட்ட விடையும் தாங்கள் அச்சிட்ட விடையும் இரண்டு கணக்குகளில் ஒத்துவரவில்லை. 'பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள் அம்மா' என்று அவன் தன் விடையை அடிக்கப் போனான். நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன். தவறு அவனுடையது அல்ல.

முதல் கணக்கு இது. ஒரு மாணவன் 500 ரூபாய்க்கு மிகாமல் செலவு செய்ய நினைக்கிறான். 120 ரூபாய்க்கு ஒரு பை வாங்குகிறான். நோட்டு ஒன்றின் விலை 35 ரூபாய். அதிகபட்சம் எத்தனை நோட்டு வாங்கலாம்? பாடநூலில் எக்ஸ் என்று வைப்பார்கள். நான் என் மகனுக்கு எண்ணப்படும் பொருளின் முதலெழுத்தையே வைத்துச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். அப்படிச் செய்தால், கணக்கு முடியும்போது எதை எண்ணத் தொடங்கினோம் என்பது மறக்காது. நோட்டுக்கு 'ந'. ஆக, 120 + 35ந ≤ 500 (≤ என்றால் குறைவு அல்லது சமம்). இரு பக்கமும் 120ஐக் கழித்தால் 35ந ≤ 380. 35ஆல் வகுத்தால் ந ≤ 10.857. இதுவரை தாங்கள் அச்சிட்டதும் இதுதான். அடுத்த வரியில் 'ஆகவே 11 நோட்டுகள்' என்று இருக்கிறது. 11 நோட்டுக்கு 385 ரூபாய், பைக்கு 120. கூட்டினால் 505. மிச்ச ஐந்து ரூபாயைக் கடைக்காரர் யாரிடம் கேட்பார், ஐயா?

இரண்டாவது கணக்கு. பள்ளி விழாவில் குறைந்தது 230 பேர் உட்கார இடம் வேண்டும். ஒரு பெஞ்சில் 6 பேர் உட்காரலாம். 6ப ≥ 230 (≥ என்றால் கூடுதல் அல்லது சமம்), அதாவது ப ≥ 38.33. 'ஆகவே 38 பெஞ்சுகள்' என்று போட்டிருக்கிறீர்கள். 38 பெஞ்சில் 228 பேர்தான் உட்கார முடியும். இரண்டு பேர் நிற்க வேண்டும். எங்கள் ஊர் விழாவாக இருந்தால் அந்த இருவரும் நன்கொடை கொடுத்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

கணக்கைப் போட்டவர் அசமன்பாட்டைச் சரியாக அமைத்திருக்கிறார், சரியாகத் தீர்த்தும் இருக்கிறார். கடைசி வரியில்தான் வண்டி கவிழ்ந்துவிட்டது. என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். தசமத்தை அருகிலுள்ள முழு எண்ணாக மாற்றும் விதி பிள்ளைகளுக்குப் பழக்கம்: பாதிக்கு மேலே போனால் அடுத்த எண், கீழே நின்றால் இந்த எண். 10.857 பதினொன்றுக்குப் பக்கம், 38.33 முப்பத்தெட்டுக்குப் பக்கம். தோராயமாகச் சொல்வதற்கு அது நல்ல விதி. அசமன்பாட்டில் அதற்கு வேலையே இல்லை. இங்கே எது பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. வேலிக்கு எந்தப் புறம் நிற்கிறோம் என்றுதான் பார்க்க வேண்டும். உச்சவரம்பு இருக்கும் கணக்கில் 10.99 வந்தாலும் 10 நோட்டுதான். குறைந்தபட்ச வரம்பு இருக்கும் கணக்கில் 38.01 வந்தாலும் 39 பெஞ்சு போட்டே ஆக வேண்டும். இரண்டு கணக்கிலும் ஒரே விதியைப் போட்டதால், ஒன்றில் பணம் போதவில்லை, மற்றதில் இடம் போதவில்லை.

நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். அதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பட்டம் வாங்கியபோது தெரியாத இந்த வேறுபாடு எனக்கு விளங்கியது எடைமேடையில் உட்கார்ந்த பிறகுதான். ஏத்தன் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு குட்டியானை என்று சொல்லும் சிறிய சரக்கு வண்டிகள் வரும். ஒரு வண்டியில் 750 கிலோ ஏற்றலாம், ஒரு குலை சராசரி 13 கிலோ என்றால், 750ஐ 13ஆல் வகுக்க 57.69 வரும். 57 குலைதான் ஏற்ற முடியும். புள்ளி 69 குலையை யாரும் வெட்டிக்கொண்டு வருவதில்லை. பின்னாலேயே எம்.சாண்ட், அதாவது பாறையை உடைத்துச் செய்யும் மணல், ஏற்றிய ஆறு சக்கர டிப்பர் வரும். அங்கே கதை வேறு. புதிய ஆறு சக்கர வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் சரக்கோடு சேர்த்து மொத்த எடை 18,500 கிலோ என்று இருக்கும். இந்த உச்சவரம்பு முன்பு 16,200 கிலோவாக இருந்தது, 2018இல் உயர்த்தினார்கள். வண்டியின் காலி எடை 6,800 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட், அதாவது 100 கன அடி மணல், 4,500 கிலோ என்பது எங்கள் ஓட்டுநர்கள் கையில் வைத்திருக்கும் தோராயம். 6,800 + 4,500ய ≤ 18,500. ய ≤ 2.6. இங்கே இரண்டு யூனிட் என்று குறைத்தால் முதலாளி சண்டைக்கு வருவார், அவர் பக்கம் நியாயமும் உண்டு. மணலை இரண்டரை யூனிட்டும் ஏற்றலாம், இரண்டே முக்காலுக்குப் போகாமல் 2.6ம் ஏற்றலாம். குலையை எண்ணுகிறோம், மணலை அளக்கிறோம். ஆகவே, அசமன்பாட்டைத் தீர்த்து முடித்ததும் பிள்ளை கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதை முறிக்க முடியுமா முடியாதா என்பதுதான். எந்தக் குறியும் இதைச் சொல்லித்தராது. மழை நாளில் நீர் கோத்த மணல் யூனிட்டுக்கு 5,000 கிலோ வரும் என்பார்கள். அப்போது அதே வண்டிக்கு 2.34 யூனிட்தான். லோடு ஏற்றும் இடத்தில் இந்தக் கணக்கைப் போட்டால் நல்லது. எங்கள் மேடைக்கு வந்தபின் போட்டால் சாலையோரத்தில் மண்வெட்டி தேட வேண்டும்.

எடைமேடை வேலையில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருநாள் ஒரு டிப்பர் ஏறியது. திரையில் 18,540. ஓட்டுநர் இறங்கி வந்தார். 'அக்கா, நாற்பது கிலோதானே' என்றார். நான் எடையை அச்சிட்டுக் கொடுக்கிறவள். வண்டியை மறிக்கும் அதிகாரம் எனக்கில்லை. ஆனால் சீட்டில் 18,540 என்றுதான் விழும் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, கேபினில் தூங்கிக்கொண்டிருந்த கிளீனரை எழுப்பி இறக்கினார். நல்ல வாட்டசாட்டமான பையன். திரையில் 18,480 விழுந்தது. சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். நூறு மீட்டர் தள்ளி வண்டி நிற்பதையும், கிளீனர் ஓடிப்போய் ஏறுவதையும் என் சன்னல் வழியாகப் பார்த்தேன். அசமன்பாடு என்றால் என்ன என்று அந்த ஓட்டுநருக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. 18,500க்குச் சமமாக்க அவர் முயலவே இல்லை. கீழே வந்தால் போதும் என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தார். (எங்கள் மேடை 10 கிலோ பாய்ச்சலில்தான் காட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரையில் 18,480 என்றால் உண்மை எடை 18,475க்கும் 18,485க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. ஒரே எண்ணாகத் தெரிவதுகூட உள்ளே ஓர் அசமன்பாடுதான்.)

இனி என் முக்கியமான குறைக்கு வருகிறேன். விடைத் திருத்தம் ஒரு செவ்வாய்க்கிழமையில் முடிந்துவிடும். இது அவ்வளவு எளிதில் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து படிப்பார்கள். கூட்டல், கழித்தல், வகுத்தல் எல்லாம் மளமளவென்று போடுகிறார்கள். அசமன்பாட்டைக் குறியோடு எழுதிக் கொடுத்தால் தீர்த்துவிடுகிறார்கள். அதையே இரண்டு வரி வாக்கியமாகக் கொடுத்தால் முதல் குறியிலேயே வழுக்குகிறார்கள். ஏன் என்று ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். கணக்கு எதுவும் கொடுக்காமல் சொற்களை மட்டும் எழுதி, எதற்கு எந்தக் குறி என்று கேட்டேன். 'குறைந்தது 40' என்பதற்கு முக்கால்வாசிப் பேர் < போட்டார்கள். 'மிகாமல் 500' என்பதற்கு > போட்டவர்கள் மூன்று பேர். அவர்களைத் திட்டவே தோன்றவில்லை. 'குறைந்தது' என்ற சொல்லுக்குள் குறைதானே இருக்கிறது? 'மிகாமல்' என்பதற்குள் மிகுதி இருக்கிறது. 'அதிகபட்சம்' என்பது அதிகம் என்று தொடங்குகிறது, 'குறைந்தபட்சம்' குறைவு என்று தொடங்குகிறது. கணக்கில் அடிக்கடி வரும் இந்த நான்கு சொற்களும் தலையில் ஒன்றைச் சூடிக்கொண்டு எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறவை. பிள்ளை சொல்லின் தலையைப் பார்த்துக் குறியைப் போடுகிறான், முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

அதற்கு நான் கண்டுபிடித்த மருந்து, என் சன்னலில் ஓட்டுநர்கள் கேட்கும் கேள்விதான். எல்லையாகச் சொல்லப்பட்ட எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். சரியாக அதே எண் வந்தால் போகலாமா? ஒன்று கூடினால் போகலாமா? ஒன்று குறைந்தால் போகலாமா? '500 ரூபாய்க்கு மிகாமல்' என்றால், 500 செலவழிக்கலாம், 501 முடியாது, 499 தாராளமாகச் செலவழிக்கலாம். ஆகவே ≤. 'குறைந்தது 230 பேர்' என்றால் 230 சரி, 231 சரி, 229 ஆகாது. ஆகவே ≥. '500 ரூபாய்க்குக் குறைவாக' என்று கணக்கில் இருந்தால் 500ஏ ஆகாது, 499 ஆகும். ஆகவே <, அடியில் கோடு கிடையாது. இந்த மூன்று கேள்விகளையும் வாய்விட்டுக் கேட்கப் பழகியபின் திண்ணையில் குறி தவறுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. குறியின் பெயரே தெரியாத ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்திகூட 'போகலாம், போகக்கூடாது' என்று சரியாகச் சொல்கிறாள். சொல்லை மனப்பாடம் செய்து, அதற்கு நேரே குறியை மனப்பாடம் செய்யும் பட்டியல்கள் எனக்குப் பிடிக்காது. பட்டியலில் இல்லாத ஒரு சொல் தேர்வில் வந்தால் பிள்ளை நட்டாற்றில் நிற்பான்.

தமிழ் படித்தவர்கள் யாராவது இதைப் பற்றி எழுதினால் மகிழ்வேன். எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன். 'மிகும்' என்றால் >. அதை மறுத்து 'மிகாது' என்றால், வெறும் < ஆகிவிடுவதில்லை, ≤ ஆகிறது. மிகவில்லை என்றால் சமமாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம் அல்லவா? அதேபோல் 'குறையும்' என்பது <, 'குறையாது' என்பது ≥. ஆக, குறிக்கு அடியில் இருக்கும் அந்தச் சிறிய கோட்டை நம் மொழியில் எதிர்மறை விகுதி சுமந்துகொண்டிருக்கிறது. இதை என் மகனிடம் சொன்னபோது, 'அப்படியானால் எதிர்மறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்புவதும் இதுதானா?' என்று கேட்டான். நல்ல கேள்வி, ஆனால் இல்லை, மக்களே, என்றேன். குறையெண்ணால் பெருக்கும்போது குறி திரும்பும், கோடு இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. சொல்லை மறுக்கும்போது குறியும் திரும்பும், இல்லாத கோடும் வந்து சேரும்.

குறையெண் பற்றிப் பேச்சு வந்ததால் அதையும் முடித்துவிடுகிறேன். திண்ணையில் வழுக்கும் இரண்டாவது இடம் இது. உண்டியலில் 900 ரூபாய் இருக்கிறது. தினமும் 20 ரூபாய் எடுக்கிறான். குறைந்தது 500 ரூபாய் மிஞ்ச வேண்டும். எத்தனை நாள் எடுக்கலாம்? 900 − 20நா ≥ 500. −20நா ≥ −400. இங்கே பிள்ளைகள் −20ஆல் வகுத்துவிட்டு, குறியைத் திருப்ப மறந்து, நா ≥ 20 என்று எழுதுகிறார்கள். இருபது நாளும் அதற்கு மேலும் எடுக்கலாமாம்! விதியைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் கடன் கணக்குதான் உதவியது. கையில் 500 ரூபாய் இருப்பவர் 300 இருப்பவரைவிட மேலே. பலசரக்குக் கடையில் 500 ரூபாய் பாக்கி வைத்திருப்பவர் 300 பாக்கி வைத்திருப்பவரைவிடக் கீழே. இருப்பைக் கடனாக மாற்றியவுடன் வரிசை தலைகீழாகிறது, குறியும் அதனால்தான் திரும்புகிறது. இதைக் கேட்டுச் சிரித்த பிள்ளைகள் யாரும் மறக்கவில்லை. பாக்கி நோட்டு இல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை.

அதையும் மறக்கிறவனுக்கு இன்னொரு வழி வைத்திருக்கிறேன். கிடைத்த விடையிலிருந்து ஓர் எண்ணை எடுத்து முதல் வரியில் போட்டுப் பார்க்க வேண்டும். நா ≥ 20 என்றால் 30ம் ஆக வேண்டும். 900 − 600 = 300. ஐந்நூறு மிஞ்ச வேண்டிய இடத்தில் முந்நூறு. உடனே தெரிந்துவிடும். தங்கள் பக்கத்தில் விடை அச்சாவதற்கு முன் யாராவது 11 நோட்டை எடுத்து முதல் வரியில் போட்டுப் பார்த்திருந்தால், இந்தக் கடிதத்துக்கு வேலை வந்திருக்காது.

சொற்களின் எல்லை தெளிவாக இல்லாததால் பிள்ளைகள் மட்டும் அவதிப்படுவதில்லை. 2022இல் அரசுப் பேருந்துகளில் கட்டணமில்லாமல் போகும் குழந்தைகளின் வயதை 3இலிருந்து 5 ஆக உயர்த்தினார்கள். நல்ல செய்தி. நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் ஒரு தாயும் நடத்துநரும் அதைப் பற்றி வாதாடியதை ஒருமுறை கேட்டுக்கொண்டு நின்றேன். 'ஐந்து வயது வரை' என்றால் ஐந்தாவது பிறந்தநாளோடு முடிகிறதா, ஆறாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை போகிறதா? இருவரும் தங்கள் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். 'வரை' என்ற சொல்தான் இருவருக்கும் வெவ்வேறு இடத்தில் கோடு கிழித்திருந்தது. 'ஐந்து வயது நிறைவடையாத' என்று எழுதினால் அந்த வாதமே இல்லை.

இதற்கு மாறாக, எல்லையைச் சுத்தமாகச் சொல்வதற்கும் நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் மேற்குக் கடற்கரை: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாட்கள் என்றும் சொல்லிவிடுகிறார்கள். ஏப்ரலில் 16, மே மாதம் 31, ஜூனில் 14; கூட்டினால் 61. தொடக்க நாளும் கடைசி நாளும் சேர்ந்தால்தான் அந்த எண் வரும். எனவே 'முதல், வரை' இரண்டும் இங்கே ≤ தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. குளச்சலில் கட்டிக்கொடுத்த என் அக்காளின் மகள் பத்தாம் வகுப்பு. அவளிடம், மாவட்டத்தின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாத நாட்கள் எத்தனை என்று கேட்டேன். இரண்டு அசமன்பாடுகளையும் எழுதவே இல்லை, 'ஜூன் ஒன்றிலிருந்து பதினாலு வரை, பதினாலு நாள், அந்த நாளில் மீன் விலை கேட்கவே வேண்டாம் சித்தி' என்றாள். இரு நிபந்தனைகளும் சேரும் பகுதியைக் கோட்டில் நிழலிட்டுக் காட்டு என்று பாடநூல் கேட்பது இதைத்தான்.

தாங்கள் தினமும் போடும் அணைக் கட்டமும் அப்படித்தான். முழு மட்டம் பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. இன்றைய நீர்மட்டம் அந்த எண்களுக்குள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்குத்தானே கோதையாற்றுப் பாசனக்காரர்கள் காலையில் பேப்பரைப் பிரிக்கிறார்கள்? மின்தூக்கியையும் நீச்சல்குளத்தையும் வைத்துக் கணக்குப் போடுவதைவிட இதை வைத்துப் போட்டால் பிள்ளைக்கு முதல் வாக்கியத்திலேயே பாதி புரிந்துவிடும். மின்தூக்கியில் என் மகன் வாழ்நாளில் இரண்டு தடவை ஏறியிருக்கிறான்.

ஒரு விஷயத்தில் மட்டும் பள்ளிகளோடும் எனக்கு வழக்கு இருக்கிறது. மகனின் மாதத் தேர்வில் இதே போன்ற கணக்கு வந்தது. கேள்வி, 'எத்தனை பேனாக்கள் வாங்கலாம்?' என்று முடிந்தது. அவன் 0, 1, 2 என்று தொடங்கி 8 வரை எல்லா எண்களையும் எழுதிவிட்டான். விடைக்குறிப்பில் 8 மட்டும் இருந்ததால் பாதி மதிப்பெண் போயிற்று. ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. அவர் குறிப்பைப் பார்த்துத் திருத்தினார். குற்றம் கேள்வியில். 'அதிகபட்சம் எத்தனை' என்று கேட்டிருந்தால் 8. 'எத்தனை' என்று மட்டும் கேட்டால் ஒன்பது விடைகளும் சரி, பேனா வாங்காமல் வீட்டுக்கு வருவதும் சேர்த்து. ஒரே எண்தான் விடை என்று எதிர்பார்ப்பது சமன்பாட்டுப் பழக்கம். அசமன்பாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அந்தப் பழக்கத்தோடு திருத்தினால் பிள்ளை எதை நம்புவான்?

இவ்வளவு ஏன் முக்கியம் என்று தாங்கள் கேட்கலாம். நான் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதியவள். தமிழ்ப் பகுதி 100 கேள்விகள், 150 மதிப்பெண், தகுதிக்குக் குறைந்தபட்சம் 60. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண்; 1.5க ≥ 60, ஆகவே க ≥ 40. நாற்பது சரியாக எழுதியவரின் மற்ற பகுதியைத் திருத்துவார்கள். முப்பத்தொன்பது எழுதி 58.5 எடுத்தவரின் மற்ற பகுதியை எடுத்தும் பார்க்க மாட்டார்கள். 58.5ஐ முழுமைப்படுத்தி 60 ஆக்கித் தருகிற அதிகாரி யாரும் இல்லை. வேலியின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, அவ்வளவுதான்.

கல்லூரியில் எங்கள் பேராசிரியை ஒரு செய்தி சொன்னார். =, 1557இல் வந்த குறி. < மற்றும் > அச்சில் வந்தது 1631இல்; அவற்றைப் பயன்படுத்திய ஆங்கிலேயர் தாமஸ் ஹாரியட் அதற்குப் பத்தாண்டு முன்பே இறந்துவிட்டார். அடியில் கோடு போடும் பழக்கத்தை பியர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர் 1734இல்தான் கொண்டுவந்தார். அந்தக் கோடு வந்து சேரவே இன்னும் நூறாண்டு ஆகியிருக்கிறது என்று எண்ணும்போது, எங்கள் திண்ணைப் பிள்ளைகள் ஒரு வாரம் தடுமாறுவது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஆகவே தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வரும் செவ்வாய்க்கிழமை அந்த இரண்டு விடைகளையும் திருத்தி, 10 நோட்டு, 39 பெஞ்சு என்று போடுங்கள். கணக்கு தயாரிப்பவரிடம், கடைசி வரியை ந ≤ 10.857 என்று விட்டுவிடாமலும், வெறும் எண்ணாக முடிக்காமலும், 'அவன் 10 நோட்டுகள் வரை வாங்கலாம், கையில் 30 ரூபாய் மிஞ்சும்' என்று முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். கேள்வியில் எல்லை எண் சேருமா சேராதா என்ற ஐயம் இருந்தால் அதற்கும் ஒரு வரி. இடம் போதாவிட்டால் பக்கத்தின் ஓரத்தில் போடும் அந்தப் பூ வேலைப்பாட்டை எடுத்துவிடலாம்.

பெயரையும் எடைமேடையின் பெயரையும் வெளியிட வேண்டாம். எங்கள் முதலாளியும் தங்கள் சந்தாதாரர். கிளீனர் கதையைப் படித்தால் வருத்தப்படுவார்.

கடைசியாக ஒன்று. ஆசிரியருக்கு வரும் கடிதங்கள் 200 சொற்களுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று இதே பக்கத்தின் அடியில் அச்சிட்டிருக்கிறீர்கள். நான் எங்கேயோ போய்விட்டேன். கிளீனரை இறக்குகிற மாதிரி இதில் எதை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளுங்கள். அந்த 505 ரூபாயை மட்டும் இறக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
எடைமேடைக் கணக்கர்,
மார்த்தாண்டம் அருகில்,
கன்னியாகுமரி மாவட்டம்.